ஏழு நாளா, முப்பது நாளா, முதல் தாக்கல் வரையா?

திருப்பூரில் பின்னலாடை ஜாப் ஒர்க் (பிற கம்பெனிகளின் துணியில் கூலிக்கு வேலை) செய்யும் சிறு யூனிட்டுகளுக்காக நானும் என் பங்குதாரரும் பில் போடும் மென்பொருள் ஒன்றைச் செய்து விற்கிறோம். டெலிவரி சலான், பில், மாதம் முடிந்ததும் ஜிஎஸ்டி தாக்கலுக்கான கோப்பு, இவ்வளவுதான் அதன் வேலை. யார் வேண்டுமானாலும் தரவிறக்கி இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிடித்திருந்தால் ஆண்டு உரிமம் வாங்கலாம். அந்த இலவசக் காலம் எத்தனை நாள் என்பதில்தான் எங்களுக்குள் இரண்டு வருடமாக வாக்குவாதம். ஏழு நாள் போதும் என்பது அவர் கட்சி. முப்பது நாளும் போதாது என்பது என் கட்சி. முதலில் முப்பது நாள் கொடுத்தோம், பிறகு அவர் சொல்லைக் கேட்டுப் பதினான்காகக் குறைத்தோம்.

போன டிசம்பரில் அனுப்பர்பாளையம் பக்கம் பட்டன் துளை போட்டுப் பட்டன் தைக்கும் ஒரு காஜா பட்டன் யூனிட்டுக்குப் போயிருந்தேன். மாடியில் சின்ன அறை. விசைப்பலகையின் இடுக்கெல்லாம் நூல் பிசிறு. கணினித் திரையில் எங்கள் மென்பொருளின் சாம்பல் நிறப் பெட்டி: “சோதனைக் காலம் முடிந்துவிட்டது.” அதன் கீழே, மேசை மேல், கார்பன் தாள் செருகிய பழைய பில் புத்தகம் திறந்து கிடந்தது. கணக்கு எழுதும் அக்காவிடம் எத்தனை பில் போட்டுப் பார்த்தீர்கள் என்று கேட்டேன். ஆறு என்றார். நவம்பர் 17இல் நிறுவியிருக்கிறார். டிசம்பர் 1இல் பூட்டு விழுந்துவிட்டது.

“தம்பி, இது எனக்குப் பதினொன்றாம் தேதிக்குத்தானே வேண்டும்? நீங்கள் ஒன்றாம் தேதியே பூட்டிவிட்டீர்களே” என்றார்.

ஒரு மாதத்தின் விற்பனைப் பில் விவரங்களை ஜிஎஸ்டி தளத்தில் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள் அடுத்த மாதம் 11ஆம் தேதி. பில் போடுவது எந்த மென்பொருளிலும் முடியும், கையாலும் முடியும். மாதம் முழுவதும் போட்ட பில்கள் ஒழுங்காகக் கூட்டப்பட்டு, தாக்கல் கோப்பாக மாறி, அரசுத் தளம் அதைக் குறை சொல்லாமல் ஏற்றுக்கொள்கிறதா என்பதுதான் அவர் பார்க்க நினைத்தது. அந்த நாள் வருவதற்குள் நாங்கள் கதவைச் சாத்திவிட்டோம். அன்று இரவே பங்குதாரரை உட்கார வைத்து, எல்லா வழிகளையும் எடுத்துப் போட்டு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றேன்.

முதல் வேலையாக விற்பனைப் பதிவேட்டை எடுத்தோம். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் எதிரே இரண்டு தேதிகள்: நிறுவிய நாள், பணம் கட்டிய நாள். இடைவெளியை வரிசைப்படுத்தியபோது மூன்று குவியல்கள் தெரிந்தன. நிறுவிய அன்றோ மறுநாளோ வாங்கியவர்கள் ஒரு குவியல். சோதனைக் காலம் முடியும் நாளை ஒட்டி வாங்கியவர்கள் இன்னொன்று. பல மாதம் கழித்து, பெரும்பாலும் மார்ச் கடைசி வாரத்திலும் ஏப்ரல் முதல் வாரத்திலும் வாங்கியவர்கள் மூன்றாவது.

அன்றே வாங்குபவர்கள் அவசரக்காரர்கள் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தோம். அவர்களில் சிலருக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தபோது வேறு கதை வந்தது. பக்கத்துப் பிரிண்டிங் யூனிட்டில் பார்த்தேன், மச்சான் கம்பெனியில் ஓடுகிறது, முன்பு வேலை பார்த்த இடத்தில் இதுதான் இருந்தது. அவர்களுடைய சோதனைக் காலம் வேறொருவர் கணினியில் எப்போதோ முடிந்துவிட்டது. ஏழு நாள் கொடுத்தாலும் எழுபது நாள் கொடுத்தாலும் அவர்கள் அன்றுதான் வாங்கியிருப்பார்கள்.

மூன்றாவது குவியலுக்கும் காரணம் இருக்கிறது. ஜிஎஸ்டி விதி 46இன்படி பில் எண் ஒரு நிதியாண்டுக்குள் தொடர்ச்சியாகவும், திரும்ப வராததாகவும் இருக்க வேண்டும். ஆண்டின் நடுவில் மென்பொருளை மாற்றினால் பழைய எண் வரிசையைப் புதியதில் தொடரும் தலைவலி. ஏப்ரல் 1 அன்று வரிசை ஒன்றிலிருந்து தொடங்கும்போது மாறிக்கொள்வது சுலபம். எனவே அக்டோபரில் பார்த்துப் பிடித்துப்போனவர்கூட மார்ச் வரை பழைய பில் புத்தகத்தையே ஓட்டுகிறார். அவரை இழந்துவிட்டோம் என்று நாங்கள் அழித்துவிட்ட பெயர்கள் பிறகு தானாக வந்து பணம் கட்டியிருக்கின்றன.

முப்பதிலிருந்து பதினான்குக்கு மாறியபோது நடந்ததையும் பார்த்தோம். நடுக்குவியல் மட்டும் முப்பதாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்கு நகர்ந்திருந்தது. மற்ற இரண்டும் இருந்த இடத்தில் இருந்தன. நாங்கள் வைக்கும் கெடு அந்த நடுக்குவியலைத் தவிர வேறு யாரையும் அசைப்பதில்லை. ஆகவே கேள்வி சுருங்கியது: இந்த நடுக்குவியலில் இருப்பவருக்கு எது நல்லது, அவர்களோடு சேர்ந்திருக்க வேண்டியவர்களில் யாரைக் கெடு துரத்திவிடுகிறது?

ஏழு நாளுக்கு ஆதரவாக என் பங்குதாரர் வைத்த சான்று வலுவானது, அதை நான் மதிக்கிறேன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹேமா யோகநரசிம்மனும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் கள ஆய்வை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். புதிய பயனர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து 7, 14, 30 நாள் சோதனைக் காலம் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே காலம் என்று வைத்தால் ஏழு நாள்தான் சிறந்தது, சந்தா 5.59 சதவீதம் கூடியது. போட்டோஷாப் செய்யும் அடோபி ஒரு காலத்தில் 30 நாள் கொடுத்தது, இப்போது பெரும்பாலும் 7 நாள்தான். நீண்ட காலம் கொடுத்தால் மனிதர் நிறுவிவிட்டு மறந்துவிடுகிறார் என்பதை நானும் கண்ணால் பார்த்திருக்கிறேன். கெடு நெருங்கும்போது மென்பொருள் அவர் நினைவிலேயே இருப்பதில்லை. மறந்துபோன பொருளுக்கு யார் பணம் கட்டுவார்கள்?

அதே ஆய்வில் இன்னொரு பாதியும் இருக்கிறது. ஆளுக்குத் தகுந்தபடி காலத்தை மாற்றிக் கொடுத்தால் இன்னும் மேம்படுத்த முடியும் என்பதே அவர்கள் மேற்கொண்டு காட்டியது. ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது என்று அதற்குப் பொருள். ஒரு படத்தைத் திருத்திப் பார்ப்பவருக்கு முதல் மாலையிலேயே மென்பொருளின் அருமை தெரிந்துவிடும். எங்கள் வாடிக்கையாளருக்கு அது தெரியும் நாள் மாதத்தில் ஒன்றுதான். 12ஆம் தேதி நிறுவியவருக்கு 19ஆம் தேதி பூட்டினால், அவர் எதைப் பார்த்து முடிவெடுப்பார்? பில்லின் தலைப்பு அழகாக வருகிறதா என்பதையா?

சரி, முப்பது நாள்? ஜெட்பிரெயின்ஸ் நிரல் எழுதும் கருவிகளுக்கு 30 நாள் கொடுக்கிறது. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 60 நாள் கொடுக்கிறது. ஆப்பிள் 2020 மார்ச்சில் காணொளி தொகுக்கும் பைனல் கட் ப்ரோவுக்கு 30 நாளாக இருந்ததை 90 நாளாக்கியது. கணினியையும் தானே விற்கும் நிறுவனத்துக்கு அது பெரிய பாரம் இல்லை. எங்களுக்கு முப்பதில் உள்ள சிக்கல் கணக்குப் போட்டால் தெரியும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள் 2021 ஜனவரி முதல் காலாண்டுக்கு ஒருமுறை ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யலாம். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் அந்த வகை. அக்டோபர் 1இல் நிறுவுகிறார் என்று வையுங்கள். அவருடைய தாக்கல் நாள் ஜனவரி 13, அதாவது 105ஆம் நாள். முப்பது நாள் கெடு அக்டோபர் 30இல் விழுகிறது. அதற்குப் பிறகு எழுபத்தைந்து நாள் அவர் எதற்காகக் காத்திருப்பார்? மாதத் தாக்கல் செய்பவருக்கும் முப்பது போதாது. அந்த அக்கா நவம்பர் 17இல் நிறுவினார். முழுதாக எங்கள் மென்பொருளில் பதிவாகும் முதல் மாதம் டிசம்பர். அதன் தாக்கல் ஜனவரி 11. நிறுவிய நாளிலிருந்து எண்ணினால் 56ஆம் நாள்.

எனக்கு நெடுநாளாகப் பிடித்த வழி ஒன்று உண்டு. பியாண்ட் கம்பேர் என்று கோப்புகளை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு கருவி. விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்கூட்டர் சாப்ட்வேர் செய்கிறது. அவர்களும் 30 நாள்தான் கொடுக்கிறார்கள், ஆனால் பயன்படுத்திய நாளை மட்டும் எண்ணுகிறார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் திறப்பவருக்கு அந்த முப்பது நாள் பதினைந்து வாரம் ஓடும். நான் இதை முதலில் பயன்படுத்தியபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்னும் மறக்கவில்லை. வேலை வந்தபோது திறந்தேன், இல்லாதபோது மூடிவைத்தேன், எதுவும் கரையவில்லை. கெடு நெருங்கியபோது அந்தக் கருவி இல்லாமல் எனக்கு வேலை ஓடாது என்பது தெரிந்திருந்தது. மறந்துபோவது என்ற பேச்சே இங்கே எழாது, ஏனென்றால் மறந்திருந்த நாள் கணக்கில் வருவதில்லை.

எங்கள் ஊருக்கு இது அப்படியே பொருந்தும். சிறு யூனிட்டில் பில் தினமும் போடமாட்டார்கள். சரக்கு போகும்போது சலான். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் உட்கார்ந்து பில். சனிக்கிழமை கூலி பட்டுவாடா, அன்று கணினிப் பக்கமே வரமாட்டார்கள். எண்ணும் முறையில் மட்டும் கவனம் வேண்டும். மென்பொருள் திறந்த நாளை எண்ணினால், கணினி போட்டதும் தானாகத் திறக்கும்படி வைத்திருப்பவருக்கு அநியாயம். ஒரு பில்லாவது சேமிக்கப்பட்ட நாளைத்தான் எண்ண வேண்டும். கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி ஏமாற்றுவார்களே என்றார் பங்குதாரர். பில்லில் தவறான தேதி விழுந்தால் தாக்கலில் மாட்டிக்கொள்வார்கள். அந்த ஏமாற்று வேறு மென்பொருளில் நடக்கலாம், இதில் நடப்பது கடினம்.

கெடுவே வேண்டாம், நினைவூட்டல் மட்டும் போதும் என்ற வழியையும் பார்த்தோம். 1982இல் ஜிம் நாஃப், ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் ஆகிய இரண்டு நிரலாளர்களும் தனித்தனியே தொடங்கிவைத்த மரபு அது: எடுத்துக்கொள், நகல் எடுத்து நண்பருக்கும் கொடு, பயன்பட்டால் பணம் அனுப்பு. கோப்புகளைச் சுருக்கும் வின்ரார் 40 நாள் என்று சொல்லும், 41ஆம் நாளும் திறக்கும். நிரல் எழுத உதவும் சப்லைம் டெக்ஸ்ட் கால வரம்பே வைக்கவில்லை, இடையிடையே வாங்கும்படி ஒரு பெட்டி மட்டும் காட்டும். உலகம் முழுவதும் பரவிய பொருளுக்கு, உரிமம் இல்லாமல் எதையும் வைத்திருக்க முடியாத பெரிய நிறுவனங்கள் வாங்கிக்கொள்ளும். அந்த வரவில் மற்றவர்களை விட்டுவிடலாம். எங்களுக்கு அந்த நிறுவனங்கள் இல்லை. தையல் வேலை செய்யும் ஒரு பவர் டேபிள் யூனிட் முதலாளி திரும்பத் திரும்ப வரும் பெட்டியை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார், எரிச்சலும் அடைவார். இன்னொன்று: 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் பதின்மூன்று ஏமாற்று உத்திகளைப் பட்டியலிடுகின்றன. வாங்கும்படி ஓயாமல் நச்சரிப்பது அதில் ஒன்று. இலவசக் காலம் கட்டணமாக மாறும்போது சொல்லாமல் இருப்பதும் அதில் வருகிறது.

அந்தக் கடைசி விஷயம்தான், வங்கி அட்டை எண்ணை முதலிலேயே வாங்கி வைத்து, இலவசக் காலம் முடிந்ததும் தானாகப் பணம் எடுக்கும் முறையின் இதயம். அதை ஐந்து நிமிடத்தில் தள்ளிவிட்டோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 2021 அக்டோபர் முதல் தானாகப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே வாடிக்கையாளருக்குத் தகவல் போக வேண்டும். மறதியை நம்பி வியாபாரம் செய்ய இங்கே வழி இல்லை. வழி இருந்தாலும் நாங்கள் அதைச் செய்யமாட்டோம். பில் போடும் மென்பொருளைப் பார்க்க வந்தவரிடம் அட்டையைக் கேட்டால் பாதிப் பேர் கதவோடு திரும்பிவிடுவார்கள்.

வசதியைக் குறைத்து, காலத்தை விட்டுவிடும் வழிதான் எங்களை அதிக நேரம் உட்கார வைத்தது. நம் ஊர்க் கணினி மையங்களில் டேலி என்ற கணக்கு மென்பொருளைப் படித்த எவரும் அதை அறிவார்கள். உரிமம் இல்லாத டேலியைக் கல்விப் பயன்முறையில் எத்தனை வருடமும் பயன்படுத்தலாம். ஆனால் மாதத்தின் 1, 2 போன்ற ஒருசில தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். படிக்கும் பிள்ளைக்கு அது தாராளமாகப் போதும். கடை நடத்துபவருக்கு மூன்றாம் தேதியே போதாது. பி.காம் படிக்கும்போது இலவசமாகப் பழகிய கை, நான்கு வருடம் கழித்து ஒரு கம்பெனியில் கணக்காளராக உட்கார்ந்து, “டேலி இருந்தால்தான் வேலை ஓடும்” என்று முதலாளியிடம் சொல்கிறது. நிறுவியவர் ஒருவர், வாங்கியவர் வேறொருவர், நடுவில் பல வருடம். எந்தப் பதிவேட்டிலும் இந்த இரண்டு தேதியும் ஒரே வரியில் வராது. நான் வியந்து பார்க்கும் ஏற்பாடு இது. ஆனால் அதற்கு ஊர்தோறும் பயிற்சி மையங்கள் வேண்டும், ஒரு தலைமுறை பொறுமை வேண்டும். இரண்டு பேர் நடத்தும் கடைக்கு எட்டாது.

இதே வகையில் கணினி விளையாட்டு செய்பவர்கள் கையாண்ட வழி எங்களுக்குக் கைகொடுத்தது. 1993 டிசம்பர் 10 அன்று டூம் என்ற விளையாட்டு வெளிவந்தபோது மூன்று பகுதிகளில் முதல் பகுதி முழுதும் இலவசம். ஒன்பது கட்டங்கள். நாள் கணக்கு இல்லை. ஆடி முடித்து, அடுத்து என்ன என்ற ஆவல் உச்சத்தில் இருக்கும்போது, மீதி இரண்டு பகுதிக்குப் பணம் கட்டச் சொன்னார்கள். ஒரு முழுச் சுற்றை அனுபவிக்க விட்டு, அது முடியும் இடத்தில் கேட்பது. எங்கள் மென்பொருளில் அந்த முழுச் சுற்று எது? முதல் பில்லிலிருந்து முதல் தாக்கல் வரை.

பங்குதாரர் இங்கேதான் இறங்கி வந்தார். ஆனால் அவர் எழுப்பிய ஒரு கேள்வி நியாயமானது: ஒருமுறை தாக்கல் செய்துவிட்டு வாங்காமல் போய்விட்டால்? போகட்டும் என்றேன். ஒரு முழு மாதத்தையும் நம்மிடம் பதிவு செய்து, கோப்பு எடுத்து, அரசுத் தளத்தில் ஏற்றி, பிழையின்றி முடித்த ஒருவர் அதற்குப் பிறகும் வாங்கவில்லை என்றால், நம் பொருள் அவருக்கு வேண்டாம் என்பது உறுதி. ஏழாம் நாளில் பூட்டியிருந்தால் நமக்கு அதுகூடத் தெரிந்திருக்காது.

வாங்கும் கை வேறு, பயன்படுத்தும் கை வேறு என்பதையும் சேர்த்து யோசித்தோம். அக்காவுக்குப் பிடித்தால் போதாது. முதலாளி பணம் கொடுக்க வேண்டும். முதலாளி மென்பொருளைப் பார்ப்பதே இல்லை. தாக்கல் முடிந்து இந்த மாதம் எவ்வளவு வரி என்று அவர் கேட்கும் ஒரு நிமிடம் இருக்கிறது. அந்தக் கணக்கு ஒரே பக்கத்தில் அச்சாகி அவர் கைக்குப் போகும்போது, அதன் அடியில் உரிமத்தின் விலையும் எங்கள் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். பூட்டு விழுந்த திரையில் விலையைக் காட்டி இவ்வளவு நாள் அக்காவைத்தான் சங்கடப்படுத்தியிருக்கிறோம்.

எனவே முடிவு இது. முதல் முழுமையான தாக்கல் முடியும்வரை இலவசம். மாதத் தாக்கலா, காலாண்டுத் தாக்கலா என்பதை நிறுவும்போதே கேட்கிறோம், அதற்குத் தக்கபடி அது 11 அல்லது 13ஆம் தேதியில் முடியும். தாக்கல் செய்யாமலே ஓட்டுபவர்களுக்கு, பில் சேமித்த நாள் முப்பது என்பது வரம்பு. தாக்கலின் கடைசித் தேதி, பில் சேமித்த முப்பதாம் நாள், இந்த இரண்டில் எது பிந்தி வருகிறதோ அதுவரை. காலம் முடிந்த பிறகும் பழைய பில்களைப் பார்க்கலாம், அச்சிடலாம், வேறு மென்பொருளுக்கு எடுத்துப் போகலாம். புதிய பில் மட்டும் போட முடியாது. ஒருவருடைய கணக்கைப் பிணையாகப் பிடித்துவைத்து விற்பதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை, இதில் பங்குதாரரும் நானும் முதல் நாளிலிருந்தே ஒரே பக்கம். நினைவூட்டல் இரண்டே முறை: தாக்கல் முடிந்த மறுநாள் ஒன்று, மார்ச் கடைசி வாரத்தில் ஒன்று.

பலனை எப்போது எண்ணுவது என்பதில் மட்டும் அவசரப்படக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறோம். பதினான்கு நாள் கொடுத்த பழைய ஆட்களையும், இந்த முறையில் வரும் புதிய ஆட்களையும் முப்பதாம் நாளில் ஒப்பிட்டால் பழைய முறைதான் ஜெயித்தது போலத் தெரியும், ஏனென்றால் புதியவர்களில் பலருக்கு அதற்குள் கெடுவே வந்திருக்காது. இரு பக்கத்துக்கும் நிறுவிய நாளிலிருந்து சமமாக ஓராண்டு விட்டு, ஒரு மார்ச் 31ஐயாவது எல்லோரும் தாண்டிய பிறகுதான் எண்ணிக்கை.

புதிய பதிப்பை முதலில் அந்தக் காஜா பட்டன் யூனிட்டுக்கே கொண்டுபோனேன். அக்கா பூட்டிய பெட்டி போய்விட்டதா என்று பார்த்தார். அவர் அன்று போட்ட ஆறு பில்லும் அப்படியே இருந்தன. பில் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஏழாவதைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.